கடம்பவனம் முதல் குரங்கணி வரை: மதுரைக் காடுகள் பட்ட காயங்களின் வரலாறு

மதுரைக்குக் கடம்பவனம் என்றொரு பழைய பெயர் உண்டு. கடம்ப மரங்கள் நிறைந்த காட்டை அழித்துத்தான் பாண்டியன் இந்த நகரை எழுப்பினான் என்று தலபுராணம் சொல்கிறது. மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் ஒரு பழைய கடம்ப மரத்தின் அடிப்பகுதியை இன்றும் வேலியிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் காடு இருந்த இடத்தில்தான் ஊர் வந்தது என்ற நினைவை இவ்வளவு வெளிப்படையாக வைத்திருக்கும் நகரங்கள் குறைவு!

இன்று மதுரையைச் சுற்றிப் பார்த்தால் கடம்பவனம் இல்லை. வடக்கே அழகர் மலையும் சிறுமலையும், வடமேற்கே பழனி மலைத்தொடரும், மேற்கே வருசநாடு, மேகமலைக் காடுகளும் மிச்சமிருக்கின்றன. வைகைக்குத் தண்ணீர் கொடுப்பது இந்த மேற்கு மலைகள்தான். வைகை பனிமலையில் பிறக்கும் ஆறு அல்ல. மழை பெய்ய வேண்டும், பெய்த மழையைக் காடு பிடித்து வைத்து மெல்ல மெல்ல விட வேண்டும். எனவே இந்தக் காடுகளுக்கு என்ன நடக்கிறது என்பது மதுரையின் குடிநீர் பற்றிய கேள்வியும்கூட.

வறட்சி, காட்டுத்தீ, புயல் ஆகியவை காட்டைத் தாக்கும்போது காடு என்ன செய்கிறது? எப்படி மீள்கிறது? பருவநிலை மாறும் இந்தக் காலத்தில் அந்த மீட்சி முன்பு போலவே நடக்குமா? மதுரை வட்டாரத்தின் வரலாற்றிலிருந்தே இதற்கு விடை தேடலாம்.

காயம் காட்டுக்குப் புதிதல்ல

காடு என்றால் என்றும் மாறாமல் அமைதியாக நிற்கும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எந்தக் காடும் அப்படி இருப்பதில்லை. ஒரு பெரிய மரம் விழுந்தால் அந்த இடைவெளியில் வெயில் தரையைத் தொடும். அதுவரை நிழலில் காத்திருந்த கன்றுகள் போட்டி போட்டு வளரும். புயலும் தீயும் வறட்சியும் இதையே பெரிய அளவில் செய்கின்றன. பல செடிகளும் மரங்களும் இந்த அடிகளுக்கு ஏற்றபடியே தங்களை அமைத்துக் கொண்டுள்ளன.

நம் பக்கத்து உசிலை மரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயரிலேயே இந்த மரம் இருக்கிறது. தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் இதன் இலையிலிருந்து கிடைப்பதுதான். வெட்டினாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம் வறண்ட மலைக்காடுகளின் மரங்கள் பலவும் இப்படித்தான். கோடையில் இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சப்படுத்தும். சிலவற்றுக்குத் தடித்த பட்டை உண்டு. மேலே எரிந்தாலும் வேரில் உயிர் இருக்கும், மழை வந்ததும் தளிர் வரும்.

இதை வெறும் பேச்சாக இல்லாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதுமலைக் காட்டில் 1988ஆம் ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேர் பரப்பை அளந்து குறித்து, அதிலுள்ள மரங்களுக்கெல்லாம் எண் போட்டுத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். தீயில் பெரும்பாலும் மடிவது சிறு கன்றுகளும் இளமரங்களும்தான், பெரிய மரங்கள் தாக்குப்பிடிக்கின்றன என்று அங்கே தெரிய வந்தது. இன்னொரு முக்கியமான செய்தியும் கிடைத்தது. வறட்சியின் பாதிப்பு அந்த வருடமே முழுதாகத் தெரிந்துவிடாது. மழை பொய்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் மரங்கள் அதிகமாகச் சாகின்றன. அதாவது, "மழை பெய்துவிட்டது, பஞ்சம் தீர்ந்தது" என்று ஊர் நினைக்கும் நேரத்தில் காட்டில் சாவு நடந்து கொண்டிருக்கும்!

சேற்றில் எழுதியிருக்கும் இருபதாயிரம் ஆண்டுகள்

பருவநிலை இதற்கு முன்பு மாறியதே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். மாறியிருக்கிறது. அதற்கான சாட்சி நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் இருக்கிறது. நீலகிரியைப் போலவே பழனி மலையின் உச்சிப் பகுதிகளிலும் சோலைக்காடும் புல்வெளியும் கலந்து கிடக்கும். மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல். பள்ளங்களில் மக்காமல் தங்கிய தாவரக் கழிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து கரிய மண்ணாகியுள்ளன. மரமும் இந்த வகைப் புல்லும் காற்றிலிருந்து கரியை எடுத்துக் கொள்ளும் முறை வேறு வேறு. அதனால் அந்த மண்ணில் இருக்கும் கரியை ஆராய்ந்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் மரம் அதிகமா புல் அதிகமா என்று சொல்லிவிட முடியும்.

சுகுமாரும் அவருடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் 1993ல் "நேச்சர்" இதழில் இந்த ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, தென்னிந்திய மலைகள் வறண்டு புல் பரவியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது சோலை விரிந்தது. மீண்டும் வறண்டபோது புல் முன்னேறியது. ஆக, காடும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறி மாறி இடம் பிடித்து வந்திருக்கின்றன.

இதிலிருந்து "அப்படியானால் கவலை இல்லை" என்ற முடிவுக்கு வருவது தவறு. அந்த மாற்றங்கள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தவை. விதை பறவையின் வயிற்றில் ஏறி மெதுவாக மலை ஏற நேரம் இருந்தது. இப்போதோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011-2020 பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. ஒரு பெரிய மரத்தின் ஆயுளுக்குள் நடந்த மாற்றம் இது.

தாது வருஷம்

மதுரை வட்டாரத்தில் இயற்கைச் சீற்றம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தாது வருஷப் பஞ்சம். 1876ல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் மாண்டார்கள். இது இங்கே மட்டும் நடந்ததல்ல. அதே ஆண்டுகளில் வட சீனாவிலும் வடகிழக்கு பிரேசிலிலும் கொடிய பஞ்சம் வந்தது. பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ நிகழ்வு அந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மழை தவறியது இயற்கையால். ஆனால் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டியது அன்றைய ஆட்சி என்பதையும் மறக்கக்கூடாது.

மரத்துக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு அப்போது புதிய செய்தியும் அல்ல. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தை உருவாக்கிய எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், மரங்கள் ஈரத்தைக் காப்பது பற்றி 1840களின் இறுதியிலேயே எழுதியிருந்தார். பஞ்சத்துக்குப் பின் 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. 1878ன் இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் அப்படியே ஏற்கவில்லை. காடுகளின் மேல் கிராமங்களுக்குப் பழைய உரிமைகள் உண்டு என்று இங்கிருந்த வருவாய் வாரியம் வாதாடியது. ஆனாலும் கடைசியில் மலைகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடுகளாயின. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போனவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

வறண்ட மதுரைக்குத் தண்ணீர் கொண்டுவரப் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895ல் திறக்கப்பட்டது. மேற்கே பாயும் ஆற்றைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பிய அந்த வேலையைப் பற்றி அறியாத மதுரைக்காரர் இருக்க முடியாது. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடுதான் இன்றைய பெரியாறு புலிகள் காப்பகம். வைகைப் பாசனம் இன்றும் அந்தக் காட்டை நம்பித்தான் இருக்கிறது.

புல்வெளி "தரிசு" ஆன கதை

1845ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் சமவெளி வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863ல் அங்கே ஏரியை உருவாக்கினார். தைல மரம் உள்ளிட்ட வெளிநாட்டு மரங்களும் மலைக்கு வந்து சேர்ந்தன. வந்தவர்களின் கண்ணுக்குச் சோலை மட்டுமே காடு. சுற்றியிருந்த புல்வெளி, மரம் நட வேண்டிய வெற்று நிலம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் எனப்படும் சீகை மரம், கூழுக்காகத் தைல மரம், பைன் என்று மலைமேடுகள் முழுக்க நட்டார்கள். பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. காரணம் மரத் தோட்டங்களும் விவசாயமும். "மரம் நடுவோம்" என்ற நல்ல முழக்கம் தவறான இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இதற்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் என்ன தொடர்பு? நிறைய இருக்கிறது. புல்வெளித் தீ வேகமாக வந்து வேகமாகப் போகும். வேர் பிழைத்துக்கொள்ளும், மழை வந்தால் மறுபடி பச்சை. ஈரமான சோலைக்குள் தீ எளிதில் நுழையாது. சீகை மரம் வந்த பிறகு கணக்கு மாறியது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். தீயின் சூடு பட்டால் அந்த உறை உடைந்து மொத்தமாக முளைக்கும். அதாவது முன்பு புல்லைப் புதுப்பித்த தீ, இப்போது சீகையைப் பரப்புகிறது.

உறைபனியும் இந்தக் கதையில் உண்டு. குளிர்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி விழுந்து சோலை மரக் கன்றுகளைக் கொன்றுவிடும். புல் புல்லாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீலகிரியில் நடந்த ஆய்வில், சோலைக் கன்றுகள் மடிந்த இடத்திலும் சீகைக் கன்றுகள் பிழைத்ததைக் கண்டார்கள். இரவுகள் சூடாகி உறைபனி குறையக் குறைய, சீகைக்கு இருக்கும் கொஞ்சநஞ்சத் தடையும் போய்விடும்.

அதே சமயம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில், பக்கத்தில் சோலை மிச்சமிருந்தால், சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதைக் கொடைக்கானலில் வட்டக்கானல் பகுதி இயற்கை ஆர்வலர்கள் கவனித்தார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிச் சாய்க்காமல் இடம் பார்த்துச் செயல்பட வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

மூன்று ஆண்டில் மூன்று அடி

2016 முதல் 2018 வரையிலான மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

முதல் அடி வறட்சி. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஏப்ரலில்தான் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. நாடே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வற்றிப்போன ஒரு அணை இருந்தது.

இரண்டாவது அடி தீ. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே கொழுக்குமலை - குரங்கணி பாதையில் மலையேற்றம் வந்திருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்திருந்த புல், செங்குத்தான சரிவு, பலத்த காற்று. சரிவில் தீ கீழிருந்து மேலே போகும்போது அதன் வேகம் பல மடங்கு கூடும். ஏனென்றால் சுவாலை சாய்ந்து மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. ஓடித் தப்ப முடியாது. காயமடைந்தவர்கள் பலர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மொத்தம் 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளைஞர்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குப் புதிய விதிகளை அரசு வகுத்தது.

நம் காடுகளில் கோடைத் தீ தானாகப் பிறப்பது மிக அரிது. மின்னல் பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது. அநேகமாக ஒவ்வொரு தீக்கும் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது, வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ. ஆனால் வைத்த தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பது வெயிலும் காற்றும் காய்ந்த புல்லும். வெப்பம் கூடினால் செடிகள் சீக்கிரம் காயும். அப்போது முன்பு அணைந்துபோன அதே பொறி, இப்போது மலையையே எரிக்கும்.

மூன்றாவது அடி புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், கடற்கரையோடு நிற்கவில்லை. டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு உள்நாட்டுக்குள் திண்டுக்கல் வரை வந்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன.

இந்த மூன்றில் எது ஒன்றும் தனியாக வந்திருந்தால் காடு சமாளித்திருக்கும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வறட்சியில் நலிந்த மரம் தீயைத் தாங்காது. தீயில் கன்றுகளை இழந்த காட்டில், புயலில் பெரிய மரம் விழுந்தால் அதன் இடத்தை நிரப்பக் கன்று இருக்காது. அந்த இடத்தில் உண்ணிச்செடியோ சீகையோ வந்து உட்காரும். இரண்டு அடிகளுக்கு நடுவே காட்டுக்குக் கிடைக்கும் ஓய்வுக் காலத்தைத்தான் பருவநிலை மாற்றம் குறைக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியிலும் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை பக்கம் பல நாட்கள் தீ எரிந்தது.

சமவெளியின் பாடம்

மலையை விட்டு இறங்கினால் மதுரைச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்கா பக்கத்து மரம். சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் விறகுக்காக இதன் விதையைக் கேட்டு எழுதியது 1876ல், அதே தாது வருஷத்தில்! அடுத்த ஆண்டு கடப்பைப் பக்கம் நடப்பட்டது. பின்னர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களெங்கும் பரவியது.

இது ஏழைக்கு விறகும் கரிமூட்டத் தொழிலும் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வறட்சியிலும் கண்மாய் காய்ந்ததும், ஆடு மாடுகள் தின்று போட்ட விதையிலிருந்து அது கண்மாய்க்குள்ளேயே முளைத்தது. மழை வந்தபோது தண்ணீருக்கு இடமில்லை. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது, பிறகு அந்தப் பணிக்குத் தடையும் வந்தது. அகற்றிய இடத்தில் வேறு மரம் வளர்க்காவிட்டால் அதுவே திரும்ப முளைக்கும் என்பதைக் கிராமத்துப் பெரியவர்களே சொல்வார்கள். ஒரு பஞ்சத்துக்குத் தேடிய மருந்து, அடுத்த பஞ்சங்களின் நோயாகிவிட்டது.

மிச்சமிருக்கும் விதைகள்

காடு மீள வேண்டுமானால் பக்கத்தில் எங்காவது விதை இருக்க வேண்டும். அந்த விதை நம் பக்கம் கோயில்காடுகளில் இருக்கிறது. அழகர் மலையை ஒட்டி, நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோவில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. 2025 மார்ச்சில் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளிகூட ஒடிக்காத மக்கள்தான் அதை இத்தனை காலம் காப்பாற்றினார்கள்.

மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கிராமங்கள் திரண்டன, மதுரை வரை பேரணியாக வந்தார்கள், டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. புயலையும் வறட்சியையும் ஊர்வலம் போய்த் தடுக்க முடியாது. ஆனால் அவற்றுக்குப் பின் காடு எழுந்து வர இடம் விட்டு வைப்பது மனிதர் கையில் இருக்கிறது என்பதை அரிட்டாபட்டி காட்டியது.

ஒவ்வொரு சித்திரையிலும் அழகர் தன் மலைக்காட்டிலிருந்து இறங்கி வந்து வைகையில் எழுந்தருளுகிறார். லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஆற்றில் தானாக ஓடும் தண்ணீர் இல்லாததால், அதற்கென்றே வைகை அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். அந்த அணைக்குத் தண்ணீர் வர மேகமலையும் வருசநாடும் பெரியாற்றுக் காடும் உயிரோடு இருக்க வேண்டும். அடுத்த திருவிழாவில் ஆற்றைப் பார்க்கும்போது, தண்ணீர் வந்த திசையில் மேற்கே உள்ள மலைகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்!